ஊரைக் காப்பது வேறு, பிள்ளையைக் காப்பது வேறு

வடசென்னையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஏதோ ஒரு வழக்கில் பிடிபட்டால், மறுநாள் நகரம் பேசும் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் ஓடும். ஏரியா அப்படி. அப்பன் குடிகாரன், அம்மா வீடு தங்குவதில்லை. வாத்தியார் கைநீட்டக் கூடாது என்று சட்டம் போட்டதில் பயம் விட்டுப்போய்விட்டது. இவர்களை நேரத்தோடு பிடித்து விடுதியில் போட வேண்டும், இல்லாவிட்டால் கையில் பந்தையோ பாக்ஸிங் கிளவுஸையோ கொடுத்துத் திருத்த வேண்டும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஊர்ப்பெயர் மாறும், பேச்சு மாறாது. டீக்கடையில் கேட்பதும் தொலைக்காட்சி விவாதத்தில் கேட்பதும் இதுதான். நல்லது செய்ய வருகிறவர்கள் நன்கொடை கேட்டு அச்சடிக்கும் துண்டறிக்கையிலும் கொஞ்சம் மென்மையான சொற்களில் இதுவேதான் இருக்கும்.

இப்படிப் பேசுகிற எல்லோருக்கும் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு உண்மையான கவலை இருக்கிறது. ஆனால் அந்தக் கவலைக்கு அடியில் ஒரு முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பிள்ளை நாளைய ரவுடி, அவன் கைமீறிப் போவதற்குள் ஊரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற முடிவு. அவனுக்கு யார் என்ன செய்தார்கள், எத்தனை வருடம் செய்தார்கள், அவன் யாரிடமாவது சொன்னானா, சொன்னபோது யார் கேட்டார்கள் என்ற கேள்விகள் இந்தப் பேச்சுக்குள் நுழைவதே இல்லை. கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தையை, அந்தக் கொடுமை அவனிடம் விட்டுப்போன தடயங்களைக் காட்டியே கூண்டில் ஏற்றுகிற பார்வை இது. இதன் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்காது என்பதே என் கட்சி.

முதலில் ‘ஏரியா அப்படி’ என்பதை எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை குடிசைப் பகுதியின் நோய் என்று சென்னை நம்புகிறது. அந்த நம்பிக்கையை இதே நகரத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கொடுமையைத் தடுப்பதற்கென்றே சென்னையில் இயங்கும் துளிர் அமைப்பு, பள்ளிக்குச் செல்லும் 2,211 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. அவர்களில் 42 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளைவிட நடுத்தர, மேல்தட்டு வீட்டுப் பிள்ளைகளிடையே அந்த விகிதம் கூடுதலாக இருந்தது என்பதும் அதே ஆய்வு சொன்ன செய்திதான். அடுத்த ஆண்டு ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் பாலியல் கொடுமை ஏதோ ஒன்றைச் சந்தித்திருந்ததாக அது கணக்கிட்டது. செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தை அறிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். இந்தக் கணக்குகளில் எந்த இடத்திலும் இந்த ஏரியா, அந்த ஏரியா என்ற கோடு கிடையாது.

கோடு வேறு இடத்தில் இருக்கிறது. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அடி விழுந்தால் அந்த பிளாக் முழுவதும் கேட்கும். காவலாளியும் கேமராவும் வைத்த அடுக்ககத்தில் கேட்காது. 2018இல் அயனாவரம் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு, அங்கே வேலை பார்த்த ஆண்கள் மாதக்கணக்கில் செய்த கொடுமை வெளியே வந்தது. 17 பேர் கைதானார்கள், 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தனை வீடுகள் இருந்தும் அத்தனை மாதம் யார் கண்ணிலும் அது படவில்லை. 2021இல் கே.கே. நகரில் பெயர்பெற்ற ஒரு பள்ளியின் ஆசிரியர் மீது முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் எழுதியபோது, பல வருடங்களாக வகுப்புக்கு வகுப்பு தெரிந்திருந்த விஷயம் அப்போதுதான் காவல் நிலையம் வரைக்கும் போனது. அந்தச் சமயத்தில் யாரும் ‘தென்சென்னை அப்படி’ என்று பேசவில்லை. பேசாதது சரிதான். அதே நியாயத்தைத்தான் வடக்கே இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிறேன்.

துளிர் ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. நம் பார்வையை நியாயமாகக் குலைத்துப் போட்டிருக்க வேண்டிய எண் அது. துன்புறுத்தலுக்கு ஆளான பெண் பிள்ளைகள் 39 விழுக்காடு, ஆண் பிள்ளைகள் 48 விழுக்காடு. ஒன்றிய அரசின் ஆய்விலும் ஆண் பிள்ளைகளின் பங்கே சற்றுக் கூடுதல். வடசென்னையைப் பொறுத்தவரை இதன் பொருள் கனமானது. பெண் குழந்தைக்கு ஆபத்து என்றால் ஊருக்குப் புரிகிறது, புரிந்தபின் அவளை வீட்டுக்குள் பூட்டுவதோடு கடமை முடிந்துவிடுகிறது என்றாலும். ஆண் பிள்ளைக்கு ஆபத்து என்பதை ஏற்றுக்கொள்ளவே யாரும் தயாராக இல்லை. அவன் ஆபத்தை உண்டாக்குகிறவன் என்றே பார்த்துப் பழகிவிட்டோம். எட்டாம் வகுப்புப் பையன் திடீரென்று பள்ளிக்குப் போக மறுத்தால் ‘பொறுக்கியாகிவிட்டான்’ என்கிறோம். கூட இருக்கிறவர்களை அடித்தால் ‘ரத்தத்திலேயே இருக்கிறது’ என்கிறோம். பஞ்சர் ஒட்டும் ‘சொலூஷன்’ முகர்ந்து மயங்கிக் கிடந்தால் கூட்டாளிகளைப் பழிக்கிறோம். எதையோ தாங்க முடியாமல்தான் ஒரு பிள்ளை இப்படி நடந்துகொள்கிறான் என்ற எண்ணம் நமக்கு வருவதில்லை. யாரிடம் போய் அவன் சொல்வான்? ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்று வளர்த்த ஊரில், நடந்ததைச் சொன்னால் கேலிதான் மிஞ்சும் என்று பத்து வயதிலேயே அவனுக்குத் தெரியும்.

அடுத்தது ‘பெற்றோரின் அலட்சியம்’. இரவு இரண்டு, மூன்று மணிக்குக் காசிமேட்டில் விளக்கு எரியும், கூச்சல் நிறைந்திருக்கும். ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி வந்த லாஞ்சுகளிலிருந்து மீன் இறங்கும். அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் ஏலத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள். ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, நான்கைந்து பேராகச் சேர்ந்து மீன்பாடி வண்டியோ ஆட்டோவோ பேசி, பெரம்பூருக்கும் புரசைவாக்கத்துக்கும் கொண்டுபோய் விற்று, அவர்கள் வீடு திரும்புகையில் உச்சிப்பொழுது நெருங்கிவிடும். இதற்கிடையில் வீட்டில் ஒன்பது வயதுச் சிறுமி எழுந்து, குடத்தில் தண்ணீர் பிடித்து, தம்பிக்குத் தலைசீவி, அவனையும் இழுத்துக்கொண்டு மாநகராட்சிப் பள்ளிக்கு ஓடுவாள். ‘அம்மா எங்கேம்மா?’ என்று கேட்டால், ‘லாஞ்சு வந்துருக்குக்கா, ஏலத்துக்குப் போயிருக்கு’ என்ற பதில் சாதாரணமாக வரும். கணக்கெடுக்க வருகிற அதிகாரி தன் தாளில் ‘பெற்றோர் கவனிப்பு இல்லை’ என்று எழுதிக்கொள்ளலாம். அந்தத் தாய் எதைக் கவனிக்காமல் விட்டாள்? அவள் இல்லாத அந்த எட்டு மணி நேரத்துக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போக அவளுக்கு ஓர் இடம் கிடையாது. அங்கன்வாடி திறப்பது பொழுது நன்றாக விடிந்த பிறகு. மீன் ஏலம் அதற்குள் முடிந்திருக்கும். துறைமுகம் எந்த நேரத்தில் இயங்குகிறது என்பது அரசுக்குப் பல காலமாகத் தெரியும். அந்த நேரத்துக்குப் பொருந்துகிற ஒரு குழந்தைகள் காப்பகத்தை அது கட்டவில்லை. இதற்குப் பெயரும் புறக்கணிப்புதான். ஆனால் புறக்கணித்தது அந்தத் தாய் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடல் உயிர்களுக்கு அது தேவை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நாள்களின் பெரும்பகுதியில் பள்ளிக்கும் கோடை விடுமுறை. லாஞ்சு நிற்கிறது, ஏலம் சுருங்குகிறது, தண்டல்காரர் வாசலுக்கு வருகிறார், வேலையில்லாத அப்பா பகலெல்லாம் வீட்டில் இருக்கிறார். பள்ளியில் கிடைத்த காலை உணவும் மதிய உணவும் அந்த மாதங்களில் இல்லை. பசியும் கடனும் குடியும் ஒரே பத்தடி அறைக்குள் பிள்ளைகளோடு அடைபடுகின்றன. வருடத்தில் ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து மிகுந்த காலம் எது என்று நாள்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த இரண்டு மாதத்துக்கென்று ஒரு திட்டம் இல்லை. தடைக்கால நிவாரணம் குடும்பத் தலைவர் கணக்கில் விழுவதோடு அரசின் கணக்கு முடிகிறது.

பெற்றோரிடம் குற்றமே இல்லை என்று நான் வாதிடவில்லை. அடிக்கிற தகப்பன்கள் இருக்கிறார்கள். பெல்ட்டால் அடிக்கிறவர்களும், பிள்ளையின் கையில் சூடு வைக்கிறவர்களும், கண்டும் காணாமல் இருக்கிற உறவினர்களும் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு ‘பாவம், உங்கப்பா ஏழை’ என்று சொல்வது பதிலாகாது. அவனைக் காப்பாற்ற வேண்டும், அடித்தவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் குடியைப் பற்றிப் பேசும்போது, 2003இலிருந்து இந்த மாநிலத்தில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம்தான் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். விற்பவர் ஒதுங்கிக்கொண்டு, குடித்தவரின் மகனுக்கு ஒழுக்கம் போதிப்பது எந்த நியாயத்திலும் சேராது.

புறக்கணிப்பு என்ற சொல்லை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொள்வதும் நம் வசதிக்காகத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் இருட்டில் தெருவில் ஓடின. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடியால் மாணவிகள் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். நவம்பரில் பள்ளியைத் திறந்ததும் மறுபடியும் அப்படியே நடந்தது. ஒரு தாய் தன் குழந்தையை விஷக்காற்றில் படுக்கவைத்தால் அதைக் கொடுமை என்று எழுதச் சட்டம் இருக்கிறது. ஆலைகளும் அவற்றுக்கு அனுமதி தந்த துறைகளும் ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அதில் படுக்கவைத்திருக்கின்றன. அதை ‘தொழில் வளர்ச்சி’ என்று கடந்துபோகிறோம்.

மூன்றாவது வாதம் அடி. ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று நம்மிடம் பழமொழியே இருக்கிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்ததிலிருந்துதான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று சொல்கிறவர்கள், சட்டத்துக்கு முந்தைய காலத்தைத் திரும்பிப் பார்க்கட்டும். ஒன்றிய அரசின் அந்த 2007 ஆய்வில் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பள்ளியில் அடிவாங்கியதாகச் சொன்னார்கள். அடி அவ்வளவு தாராளமாகக் கிடைத்த காலத்தில்தான் இதே வடசென்னையைப் பற்றி இதே பேச்சு பேசப்பட்டது. அடி அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். பெரியவன் சிறியவனின் உடம்பின் மீது என்ன வேண்டுமானாலும் செய்யலாம், சிறியவன் வாயைத் திறக்கக் கூடாது. பாலியல் கொடுமை செய்கிறவன் எதிர்பார்ப்பதும் அதே பாடத்தை நன்றாகப் படித்த ஒரு குழந்தையைத்தான்.

நான்காவது வாதம்தான் மிக ஆபத்தானது. வீடு சரியில்லை, ஆகவே விடுதி. நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதால் இதை யாரும் எதிர்ப்பதில்லை. 2020 ஜூனில், ஊரெல்லாம் தனித்திருக்கச் சொல்லப்பட்ட நாள்களில், ராயபுரம் அரசினர் குழந்தைகள் இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. காப்பகங்களில் உள்ள குழந்தைகள் பற்றித் தானாக முன்வந்து வழக்கை எடுத்திருந்த உச்ச நீதிமன்றம், தொற்று எப்படிப் பரவியது என்று தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கேட்டது. ‘பாதுகாப்பான இடம்’ என்று சொல்லிக் கொண்டுபோய் வைத்த பிள்ளைகள் அவர்கள். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டில் அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். அவன் மீதிருந்த புகார் ரயில்வே பேட்டரி திருடியது. பணியாளர்கள் அடித்ததில் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி ஆறு பேர் கைதானார்கள். அதன்பிறகே ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. சிறுவர் இல்லங்களின் நிர்வாகத்தை அடியோடு மாற்றியமைக்கச் சொல்லி அவர் அறிக்கை தந்தார். ஓர் உயிர் போன பிறகுதான் நான்கு சுவருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தோன்றியது நமக்கு.

சட்டம் விடுதியை முதல் மருந்தாகச் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத்தான் குழந்தையை இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது. பிள்ளை குடும்பத்திலேயே வளர ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் இருக்கிறது. கணவனை இழந்த, கணவனால் கைவிடப்பட்ட எத்தனையோ தாய்மார்கள் வறுமை தாங்காமல், மனமில்லாமல்தான் பிள்ளையை விடுதியில் விடுகிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த உதவித்தொகை இருப்பதைச் சொல்ல ஆள் இல்லை. விடுதியில் இடம் இருக்கிறது என்று சொல்ல மட்டும் பல பேர் இருக்கிறார்கள்.

இந்த மனப்போக்குக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1920இல் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவில் இப்படி வந்த முதல் மாகாணச் சட்டம் அதுதான். தவறு செய்த சிறுவனோடு, ஆதரவில்லாமல் தெருவில் திரிந்த சிறுவனையும் ‘சான்று பெற்ற பள்ளி’ என்ற பெயரில் அடைத்துவைக்க அது வழி செய்தது. அதே 1920இல், சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த வண்ணாரப்பேட்டைக்காரர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஏற்பாடு செய்தார். ஒரே நகரம், ஒரே ஆண்டு, அதே ஏழைப் பிள்ளைகள். ஒரு கண்ணுக்கு அவன் அடைத்துவைக்க வேண்டிய ஆளாகத் தெரிந்தான். இன்னொரு கண்ணுக்குப் பசித்த குழந்தையாகத் தெரிந்தான். இந்த இரண்டில் எது தமிழ்நாட்டை மாற்றியது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவி, 2022இல் காலை உணவாகவும் வளர்ந்தது. அடைத்துவைத்த வழி செங்கல்பட்டு வரைக்கும் வந்து நிற்கிறது.

கடைசி வாதம், எனக்கும் பிரியமான ஒன்று: விளையாட்டு. வடசென்னையின் விளையாட்டுப் பெருமை உண்மையானது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற தென்னிந்திய அணியில், தண்டையார்பேட்டை கருணாலயா அமைப்பின் பிள்ளைகள் ஆடினார்கள். வியாசர்பாடியில் தங்கராஜ் என்பவர் முன்னின்று 1990களில் தொடங்கிய கால்பந்து அமைப்பிலிருந்து வெளிநாட்டுப் போட்டிகள் வரை போனவர்கள் உண்டு. இதையெல்லாம் காட்டி, ‘பந்தைக் கொடுத்தால் பிள்ளை திருந்திவிடுவான்’ என்று முடிப்பது தவறு. இந்த அமைப்புகளை நிற்கவைத்தது பந்து மட்டும் கிடையாது. கருணாலயா 1995இலிருந்து தெருவில் வாழும் குடும்பங்களோடு வேலை செய்கிறது. கிரிக்கெட் அதற்குப் பிறகு வந்தது. வியாசர்பாடியில் ஆட்டத்தோடு மாலைப் படிப்பும் சேர்ந்தே நடந்தது. ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய் விசாரிக்கிற, பெயர் தெரிந்த ஒரு அண்ணனோ அக்காவோ இருந்ததில்தான் பலன்.

அப்படிப்பட்ட ஆள் இல்லாத மைதானம் பாதுகாப்பான இடமும் கிடையாது. 2021 மே மாதம், வடசென்னையின் வாசலான பாரிமுனைப் பகுதியில் பெண்களுக்குத் தடகளப் பயிற்சி தந்துவந்த ஒருவர் மீது வீராங்கனைகள் பாலியல் புகார் சொல்லி, அவர் கைதானார். பயிற்சியாளரின் கையில் பிள்ளையின் உடம்பும் இருக்கிறது, எதிர்காலமும் இருக்கிறது. யாரை அணியில் எடுப்பது, யாரை வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப்போவது, ஸ்போர்ட்ஸ் கோட்டா சான்றிதழுக்கு யார் பெயரை அனுப்புவது எல்லாம் அவர் முடிவு. ஏழைப் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ்தான் கல்லூரி, அதுதான் வேலை. அவரைப் பற்றி அவரிடமே போய்ப் புகார் சொல்ல முடியுமா? ‘சாரை’ நம்பி அனுப்பிய பெற்றோரிடம் சொல்லத்தான் வாய் வருமா? இதைச் சொன்னால் ‘சேவை செய்கிறவர்களைச் சந்தேகப்படலாமா’ என்று கோபம் வருகிறது. உண்மையாகச் சேவை செய்கிறவருக்கு விதிகளால் எந்த நட்டமும் இல்லை.

இன்னொன்று, மைதானத்துக்கு வர முடிகிற பிள்ளைதான் மைதானத்துக்கு வருகிறான். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு மாலைப் பயிற்சி ஏது? எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளில் கிளீனராக ஏறிவிட்ட பதினான்கு வயதுப் பையனை எந்தத் தேர்வுக்குழு தேடிப் போகிறது? திறமை உள்ளவனை மேலே தூக்கிவிடுவது நல்ல காரியம். காப்பாற்றப்படுவதற்குத் திறமை ஒரு தகுதியாக இருக்கக் கூடாது.

காவல் துறை நடத்தும் திட்டங்களையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். சிறார் மன்றங்கள் பல காலமாக இருக்கின்றன. 2022 செப்டம்பரில் 100 அரசுப் பள்ளிகளில் 5,000 மாணவர்களோடு ‘சிற்பி’ திட்டம் தொடங்கியது. அவற்றால் பிள்ளைகளுக்கு ஊர் சுற்றிப் பார்க்கவும் கூச்சம் போகப் பேசவும் வாய்ப்புக் கிடைத்திருந்தால் மகிழ்ச்சி. ஆனால் பிள்ளையைப் பொறுப்புள்ளவனாக்குவது அவற்றின் நோக்கம். பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பது வேறு கேள்வி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான 2012இன் போக்சோ சட்டம், குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்று சொல்கிறது. சீருடை குழந்தையை மிரட்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நள்ளிரவில் கதவைத் தட்டி அண்ணனை இழுத்துப்போன காக்கியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, மனதில் இருப்பதைச் சொல்லத் தேடும் முதல் ஆள் காக்கியாக இருக்க முடியாது.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்குப் பதில் கையிலேயே இருக்கிறது. துறைமுகத்தின் நேரத்துக்கும் ஆலைகளின் ஷிப்டுக்கும் திறந்திருக்கும் காப்பகங்கள் காசிமேட்டிலும் எண்ணூரிலும் வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் முழுக்கப் பள்ளிச் சமையற்கூடம் திறந்திருக்க வேண்டும், அங்கேயே பகல் முழுவதும் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது விதி. அது காகிதத்தை விட்டு இறங்கி, மாதம் ஒருமுறை அந்தத் தெருவிலேயே கூட வேண்டும், அதில் மீன் விற்கும் பெண்களும் பள்ளி ஆயாக்களும் உட்கார வேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்யும் எந்த அமைப்பும், அது விளையாட்டோ டியூஷனோ சர்ச்சோ மன்றமோ, சேர்க்கும் ஆள்களின் பின்னணியை விசாரித்தே சேர்க்க வேண்டும். ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளையை வெளியூர் கூட்டிப்போகக் கூடாது. புகார் கேட்கும் ஆள் பயிற்சியாளருக்குக் கீழே இல்லாதவராக இருக்க வேண்டும். தெரிந்தும் புகார் தராமல் மறைப்பது போக்சோ சட்டப்படி குற்றம், நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 1996இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத்திட்டமாகப் பிறந்து, 2023இல் முழுக்க அரசின் கைக்கு வந்துவிட்டது. நடத்துவது யாராக இருந்தாலும், அழைத்த பிள்ளையின் தெருவுக்கு அன்றே வந்து நிற்கிற, அந்தத் தெருவின் பேச்சு தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை, பெரும் செலவும் இல்லை. தடையாக நிற்பது பணம் என்று நான் நம்பவில்லை. இந்தப் பிள்ளைகளால் ஊருக்கு என்ன ஆகுமோ என்று மட்டும் கேட்டுப் பழகிய நம் மனம்தான் தடை. அதனால்தான் திட்டங்களின் வெற்றியைக்கூட எத்தனை கோப்பை வந்தது, எத்தனை வழக்கு குறைந்தது என்று எண்ணுகிறோம். இனி வேறு கணக்குக் கேட்போம். இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் வாய்திறந்து சொன்னார்கள்? சொன்னவர்களில் எத்தனை பேரை முதலில் கேட்ட ஆளே நம்பினார்? சொன்ன பிறகும் எத்தனை பேர் அதே வீட்டில், அதே பள்ளியில், அதே மைதானத்தில் பயமில்லாமல் இருக்கிறார்கள்? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அடுத்த சில ஆண்டுகளில் புகார்கள் கூடினால், ‘பார்த்தீர்களா, ஏரியா அப்படி’ என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராக இருக்கும். அப்போது நாம் விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும்: கொடுமை கூடியதால் புகார் கூடவில்லை, கேட்க ஆள் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்ததால் கூடியிருக்கிறது. அந்த எண்ணிக்கை ஏறுவதைத் தாங்குகிற துணிவு அரசுக்கும் அமைப்புகளுக்கும் வேண்டும். அது இல்லாத எந்தத் திட்டத்தையும் பிள்ளைகளின் பெயரில் நடத்த அவர்களுக்கு உரிமையில்லை.